வெள்ளத்தில் போன கடன்

எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் கதையின்படி, கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் கப்பலேறிப் போனதற்குப் பாலாறுதான் காரணம். வாணியம்பாடியைப் புரட்டிப் போட்ட பெருவெள்ளத்தில் எங்கள் நஞ்சையெல்லாம் மணல் மூடிப் போனதாம். பத்திரம் வைத்திருந்த மரப்பெட்டியும் ஆற்றோடு போய்விட, பிழைக்க வழியில்லாமல் அவர் மோரீசுக்கு, அதாவது மொரீஷியஸ் தீவுக்குப் போனார் என்றும், அவருடைய மனைவி சாகும் நாள் வரையில் தாலியைக் கழற்றாமல் காத்திருந்தார் என்றும் மூன்று தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அதற்கு முந்தைய கதை இன்னும் சுருக்கமானது. தாது வருடப் பஞ்சத்தில், குலதெய்வத்தின் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு, ஆற்றுக்கு அக்கரையிலிருந்து இந்த ஊருக்கு வந்து சேர்ந்தோம் என்பதோடு அது முடிந்துவிடும். அதற்கும் அப்பால் யாரைக் கேட்டாலும் கையை விரிப்பார்கள்.

இந்தக் கதைகளைப் பழைய ஆவணங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அதில் எனக்குத் தெளிவானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பக் கதை கண்ட இடத்திலெல்லாம் பிசகுவதில்லை. எந்த ஊரில் பெண் எடுத்தோம், யார் யாருக்கு என்ன முறை, எந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை என்பவற்றில் அது வியக்கத்தக்க அளவுக்குச் சரியாக இருக்கிறது. மானத்துக்கு இழுக்கு வரும் இடத்தில் மட்டும் அது வளைந்து கொடுக்கிறது. ஆவணமோ அந்த இடத்தில்தான் பிறக்கிறது. கடன் வாங்கினால் அடமானப் பத்திரம் எழுதுகிறார்கள், அண்ணன் தம்பிக்குள் ஆகாமல் போனால் பாகப்பிரிவினை எழுதுகிறார்கள், ஊரை விட்டே போனால் கப்பல் பட்டியலில் பெயர் ஏறுகிறது. கடனும் சண்டையும் இல்லாமல் நிம்மதியாக வாழ்ந்து மறைந்தவர்களைப் பற்றி எந்த அலுவலகத்திலும் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடைக்காது. ஆகவே, "நம் முன்னோர் எப்படிப்பட்டவர்கள்?" என்று பெரியவர்களைக் கேட்பதை நான் விட்டுவிட்டேன். யாரிடம் கடன் பட்டார்கள், எந்த நிலம் கைமாறியது, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் போகவில்லை என்று கேட்பதில்தான் பயன் இருக்கிறது.

நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பது இந்த வேலையில் எல்லோருக்கும் வரும் முதல் தடை. தந்தை பெயரின் முதலெழுத்தை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறைதான் பின்னால் போக முடியும். ஆனால் பேரனுக்குத் தாத்தாவின் பெயரையும், பேத்திக்குப் பாட்டியின் பெயரையும் வைக்கும் வழக்கம் இந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டுகிறது. கப்பலேறிப் போனவருடைய உண்மைப் பெயரை இங்கே எழுதாமல், முனுசாமி என்று வைத்துக்கொள்கிறேன். அவர் தலைச்சன் பிள்ளை; எனவே அவருடைய தாத்தாவும் முனுசாமியாகவே இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். ஊகம் ஊகம்தான் என்றாலும், ஒரே ஊரின் பழைய பத்திரங்களில் இரண்டு பெயர்கள் மாறி மாறி வருவதைப் பார்க்கும்போது அது ஒரே கொடி என்று தைரியமாகப் பின்தொடரலாம். பத்திரம் எழுதுபவர்கள் வெறும் பெயரோடு நிறுத்துவதில்லை என்பது நமக்கு நல்லதாகப் போயிற்று. இன்ன தாலுகா, இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர், இன்ன ஜாதி, இன்ன தொழில், இத்தனை வயது என்று தொடங்கித்தான் எழுதுவார்கள்.

கதைகளுக்குக் காலம் குறிப்பது அடுத்த வேலை. எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் ஆங்கில வருடம் கேட்டால் பதில் வராது. "வெள்ளம் வந்ததுக்கு மறு வருஷம்", "எம்டன் குண்டு போட்டப்போ" என்றுதான் சொல்வார்கள். ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசியது 1914 செப்டம்பர் 22 இரவு. பாலாற்று வெள்ளம் 1903 நவம்பர். மைசூர்ச் சீமையில் பேத்தமங்கலம் ஏரி உடைந்து வந்த தண்ணீரில் வாணியம்பாடியில் மட்டும் ஏறக்குறைய 200 பேர் மாண்டார்கள். தாது வருடம் என்பது 1876 ஏப்ரலில் தொடங்கியது. பஞ்சம் 1878 வரையில் நீடித்து, தென்னிந்தியா முழுவதும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. இப்படிப்பட்ட நிகழ்ச்சிகள் ஆணி அடித்தாற்போல நிற்பவை. ஆனால் எல்லாக் கதைகளும் அந்த ஆணியில் தாமாகவே போய் மாட்டிக்கொள்ளும் என்பதுதான் சிக்கல். வெள்ளத்துக்கு ஐந்து வருடம் முன்னால் நடந்ததும் வெள்ளத்தில் நடந்ததாகிவிடும். ஆகவே ஆண்டைக் கேட்பதைவிட, அப்போது கைக்குழந்தையாக இருந்தது யார், வயிற்றில் இருந்தது யார், யாருக்குக் கல்யாணமாகியிருந்தது என்று கேட்டு வாங்குவது நல்லது. பெண்களிடம் இந்தக் கேள்விக்குத் தடுமாற்றமில்லாத பதில் கிடைக்கிறது.

தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் இன்னொரு குழப்பம் உண்டு. எங்கள் வீட்டு நோட்டு ஒன்றில், உரியவர் பெயர் எழுதப்படாத ஜாதகக் குறிப்பு ஒன்று செருகியிருந்தது. விய வருடம், ஆவணி மாதம், பெண் குழந்தை. விய வருடம் 1886இலும் வந்தது, 1946இலும் வந்தது. முதலாவது என்றால் அது கொள்ளுத்தாத்தாவின் தங்கை. இரண்டாவது என்றால் என் அத்தைகளில் ஒருவர். குருவும் சனியும் அறுபது ஆண்டில் ஏறக்குறையப் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவதால் அவற்றை வைத்து முடிவு செய்ய முடியாது. ராகு அப்படியில்லை, பதினெட்டரை ஆண்டுக்கு ஒரு சுற்று என்பதால், அறுபது ஆண்டில் மூன்று சுற்று முடித்து மேலும் ஏறக்குறைய மூன்று ராசி தள்ளிப் போயிருக்கும். 1946 ஆவணியில் ராகு ரிஷபத்தில் இருந்தது, 1886 ஆவணியில் சிம்மத்தில் இருந்தது. நோட்டில் இருந்த கட்டத்தில் சிம்மத்தில்தான் "ரா" என்று எழுதியிருந்தது. ஜோதிடத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது; ஆனால் பிறந்த நேரத்தின் வானத்தை யாரோ ஒருவர் பொறுப்பாகக் குறித்து வைத்திருக்கிறார் என்ற அளவில், ஜாதகத்தைவிட நம்பகமான பிறப்புச் சான்று நம்மிடம் வேறில்லை. பள்ளிக்கூடச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது என்று வைத்து, ஏதாவதொரு ஜூன் தேதியை வாத்தியார் எழுதிக்கொண்டதுதான் என் தாத்தா தலைமுறையின் பிறந்தநாள்.

அந்தத் தங்கையை எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார்கள் என்பது எங்களில் யாருக்கும் நினைவில்லை. அதைச் சொன்னது மொய் நோட்டு. தாத்தாவின் கல்யாண மொய் நோட்டு, சணல் நூலால் தைத்த நீளவாக்குக் கணக்கு நோட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அடுத்து தாய்மாமன் சீர், அதற்குப் பிறகு ஊர் ஊராகப் பிரித்து, பெயர், தகப்பனார் பெயர், தொகை. நாலணா எழுதியவர்களும் இருக்கிறார்கள், ஒரு படி அரிசி எழுதியவர்களும் இருக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட கணக்கு என்பதால் அதில் ஒருவரையும் விட்டிருக்க மாட்டார்கள். குடியாத்தம் பக்கத்து ஊர் ஒன்றின் தலைப்பின் கீழ், மற்றவர்களைவிடக் கூடுதலாக ஐந்து ரூபாய் எழுதி, "அத்தை வகை" என்று பக்கத்தில் குறித்திருந்தது. அந்த ஊருக்குப் போய் விசாரித்தபோது, அவர்களும் எங்களைத் தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது; தேடிய காரணம் பழைய நகை பற்றிய ஒரு வருத்தம். அதை இங்கே விரிக்க வேண்டாம்.

இனி, பத்திரம். பெட்டியோடு ஆற்றில் போனதாகச் சொல்லப்பட்ட பத்திரங்களைப் பற்றி நான் முதலில் கவலைப்படவில்லை என்று சொன்னால் வீட்டில் நம்பமாட்டார்கள். 1860களின் நடுவிலிருந்தே சென்னை மாகாணத்தில் பத்திரப் பதிவு நடைமுறையில் இருக்கிறது. பதிவான பத்திரத்தின் முழு நகல் சார்பதிவாளர் அலுவலகத்தின் முதலாம் புத்தகத்தில் எழுதி வைக்கப்படும். அசல் ஆற்றில் போனாலும் நகல் அலுவலகத்தில் இருக்கும். இணையத்தில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதெல்லாம் சமீப காலத்துப் பத்திரங்களுக்கு உதவும். நூறு ஆண்டுக்கு முந்தையதற்கு, கிராமத்தின் பெயரையும் ஏறக்குறையான ஆண்டையும் எழுதி மனு கொடுத்து, தேடுதல் கட்டணம் கட்டி, அட்டவணைப் புத்தகம் எடுக்கப்படும் வரையில் பொறுமையாக இருக்க வேண்டும். ஓர் அலுவலகத்தில், "இவ்வளவு பழசெல்லாம் எதுக்கு, கேஸ் போடப் போறீங்களா?" என்று கேட்டு, என்னைப் பங்காளித் தகராறு பேர்வழி என்றே முடிவுகட்டிவிட்டார்கள். குடும்ப வரலாறு என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கிடைத்தவை இரண்டு. ஒன்று விளம்பி வருடத்தில், அதாவது 1898இல் எழுதிய சுவாதீன அடமானம். தகப்பனும் மூத்த மகன் முனுசாமியும் சேர்ந்து, இரண்டு துண்டு நஞ்சையை நூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு ஒரு வட்டிக்காரரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். சுவாதீன அடமானம் என்றால் கடன் தீரும் வரையில் நிலத்தை உழுது விளைச்சலை எடுத்துக்கொள்பவர் கடன் கொடுத்தவரே. ஆக, 1903இல் வெள்ளம் வந்து மணல் மூடிய நிலம் அப்போது எங்கள் கையிலேயே இல்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டது. கடனை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று நான் சொன்னபோது வீட்டில் சிரித்தார்கள், ஆனால் பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. வெள்ளத்தில் நிலத்தை இழந்தோம் என்பது ஊரோடு சேர்ந்த துயரம். வட்டிக்காரனிடம் இழந்தோம் என்பது வீட்டின் தனி அவமானம். கதையைச் சொன்னவர்கள் பொய் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்திருக்கமாட்டார்கள். வெள்ளம் எல்லோருக்கும் பொதுவான காரணமாகக் கையருகில் இருந்தது, எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது, கீலக வருடத்து, 1908இன், பாகப்பிரிவினை. கொள்ளுத்தாத்தாவும் அவருடைய தம்பியும் பிரித்துக்கொண்டது. இதன் நடுவில் ஒரு வாசகம் வருகிறது: தேசாந்திரம் போய்விட்ட தமையன் முனுசாமி எப்போதாவது திரும்பி வந்து பாகம் கேட்டால், இருவரும் தங்கள் பங்கிலிருந்து சமமாக ஒதுக்கிக் கொடுக்கச் சம்மதிக்கிறோம். அப்போது அவர் உயிரோடு இருப்பதாக நம்பியிருக்கிறார்கள் என்பதும், எங்கே இருக்கிறார் என்று தெரியாது என்பதும் இந்த ஒரு வாக்கியத்தால் உறுதியாகிறது. இறந்தவருக்குப் பாகம் ஒதுக்கமாட்டார்கள். முகவரி தெரிந்தவரைக் கையெழுத்துப் போடவோ விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கவோ சொல்லியிருப்பார்கள்.

பழைய பத்திரத்தைப் படிக்க இறங்குபவர்கள் விவரப் பட்டியலைத் தாண்டிவிடக் கூடாது. "இதற்குச் செக்குபந்தி" என்று தொடங்கி நான்கு எல்லைகளையும் எழுதும் பகுதி, பார்வைக்கு வறட்சியானது. குடும்ப மரம் வரைபவருக்கு அதுதான் அமுதசுரபி. இன்னாருடைய நிலத்துக்குக் கிழக்கு, இன்னார் வகையறா நிலத்துக்கு வடக்கு என்று பக்கத்து நிலக்காரர்களைப் பெயர் சொல்லி எழுதுவார்கள். ஒரு காலத்தில் ஒன்றாக இருந்த நிலம் பாகமாகித்தான் துண்டுகளாகிறது என்பதால், பக்கத்து நிலக்காரர் பெரும்பாலும் பங்காளியாக இருப்பார். எங்கள் துண்டுக்கு மேற்கே இருந்தவர் பெயரையும் அவருடைய தகப்பன் பெயரையும் குறித்துக்கொண்டு, அவர்கள் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் கிழக்கெல்லையாக நாங்கள் இருந்தோம், "மேற்படியாரின் சித்தப்பா குமாரர்" என்ற விளக்கத்தோடு. இப்படி எல்லை எல்லையாக நகர்ந்து, தாது வருடத்தில் வந்தது ஒரு குடும்பம் அல்ல, அண்ணன் தம்பி மக்களாக இரண்டு குடும்பங்கள் என்று தெரிந்துகொண்டேன். அந்தக் கையெழுத்துகளைப் படிப்பதற்குப் பழக்கம் வேண்டும். புள்ளி வைக்கமாட்டார்கள், காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு தெரியாது, எண்களைத் தமிழ் எண்களாகவே எழுதியிருப்பார்கள், மேற்படி என்பதற்கு ௸, வருடத்துக்கு ௵, ரூபாய்க்கு ௹ என்று குறிகள் வரும். நிலவரிக் கணக்குக்கான பசலி ஆண்டு போட்டிருந்தால் 590 கூட்டிக்கொள்ள வேண்டும். ஜூலையில் தொடங்குவதால் சில மாதங்களுக்கு ஓர் ஆண்டு கூடும். தென்கோடி மாவட்டங்களில் கொல்லம் ஆண்டு வரும், அதற்கு 825. இவற்றையெல்லாம் எனக்குப் படித்துக் காட்டியவர் எண்பது வயதைக் கடந்த ஒரு பத்திர எழுத்தர். அரை மணி நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "எழுதினவன் அவசரக்காரன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மடமடவென்று வாசித்தார்.

எந்த ஆவணம் எங்கே இருக்கும் என்பதில் வட ஆற்காட்டுக்காரர்களுக்குத் தனித் தொல்லை ஒன்று உண்டு. 1911இல் சித்தூர் மாவட்டம் தனியாகும் வரையில் வட ஆற்காட்டின் தலைமையிடமே சித்தூர்தான். பின்னர் வேலூர், 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019இல் வேலூரே மூன்றானது. ஒரே கிராமத்தின் காகிதம் மூன்று நான்கு ஊர்களில் சிதறிக் கிடப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். நில அளவையும் தீர்வையும் பற்றிய பழைய பதிவேடுகளுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. கிராமத்து அளவிலான பிறப்பு இறப்புப் பதிவுகள் கணக்குப்பிள்ளையின் வீட்டுப் பரணில் இருந்தவை. 1980இல் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தபோது ஒப்படைக்கப்பட்டவை போக மிச்சம் என்னவாயிற்று என்பதை ஒவ்வோர் ஊரிலும் தனித்தனியாகத்தான் விசாரிக்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம்ப வேண்டாம். மற்ற நாடுகளில் உள்ளதுபோல வீட்டு வாரியான படிவங்கள் இங்கே கிடைக்காது; கூட்டுத் தொகைகள் மட்டுமே அச்சாகியிருக்கின்றன.

முனுசாமியைத் தேடியது வேறு வகை. குடும்பத்தில் மோரீசு என்று சொன்னாலும், எங்கள் பக்கத்திலிருந்து 1890களில் கப்பலேறியவர்களில் பலர் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போயிருக்கிறார்கள். மோரீசுக்கு 1830களிலிருந்தே ஆள் போய்க்கொண்டிருந்ததால், கடல் தாண்டிய கரும்புத் தோட்டம் எதுவானாலும் ஊராருக்கு அது மோரீசுதான். நேட்டாலுக்கு முதல் கப்பலான துரூரோ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911இல் ஒப்பந்தக் கூலிகளை அனுப்பும் முறை நின்றபோது மொத்தம் 1,52,184 பேர் போயிருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் பட்டியல் இருக்கிறது, அவை பெயர்த்தெழுதப்பட்டு இணையத்திலும் தேடக் கிடைக்கின்றன. ஆளுக்கொரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், கடைசியில் உடலில் உள்ள அடையாளம்.

எழுதிய குமாஸ்தாக்களின் காதில் விழுந்தபடி பெயர்கள் உருமாறியிருக்கும். முனுசாமி மூன்சாமி ஆவார், கவுண்டர் கோவெண்டர் ஆவார், முதலியார் மூட்லி ஆவார்; இன்றும் டர்பனில் இவை குடும்பப் பெயர்களாகவே நிலைத்துவிட்டன. முனுசாமிகளுக்குப் பஞ்சமே இல்லாத அந்தப் பட்டியலில், வட ஆற்காடு, குடியாத்தம் தாலுகா, வயதும் தகப்பன் பெயரும் பொருந்தும்படி எஞ்சியவர் ஒருவர், 1899இல் போனவர். கிராமத்தின் பெயர் சிதைந்து, கடைசியில் உள்ள "பேட்டை" மட்டும்தான் தெளிவாக இருக்கிறது. இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு என்று எழுதியிருக்கிறது. தழும்பைப் பற்றி எங்கள் வீட்டுக் கதை எதுவும் சொல்லவில்லை. அடமானம் எழுதி ஓராண்டில் ஆள் கிளம்பியிருப்பது பொருத்தமாக இருக்கிறது, ஆனால் பொருத்தமாக இருப்பதாலேயே நான் தயங்குகிறேன். தேடுகிறவனுக்கு வேண்டிய மாதிரியே ஒருவர் கிடைத்துவிட்டால் அங்கே இரண்டு மடங்கு சந்தேகப்பட வேண்டும்.

அவருடைய எண்ணுக்கு அடுத்த எண்ணில் ஒரு பெண் இருக்கிறாள். வயது இருபது, வேறு தாலுகா, அவருடைய மனைவி என்று குறிப்பு.

அத்தைப் பாட்டியிடம் இதைச் சொல்லும்போது பார்த்துத்தான் சொன்னேன். அவர் தாத்தாவின் தங்கை, தொண்ணூறை நெருங்குகிறவர். தாலியோடு காத்திருந்த அந்தப் பெரியம்மாவைச் சிறுமியாக இருந்தபோது கண்ணால் பார்த்தவர். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது வேற முனுசாமியா இருக்கும் கண்ணு" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்ததைப் பார்த்துவிட்டு, "இருந்தாலும் அவ பேர நம்ம நோட்டுல எழுதாத. அந்தப் பொம்பள கட்டின தாலிக்கு இன்னா பதில் சொல்லுவே?" என்று கேட்டார்.

அவர் கேட்டதற்கு என்னிடம் பதிலில்லை. ஆனால் அந்தப் பட்டியலை எப்படிப் படிக்க வேண்டும் என்பது பற்றிச் சொல்ல வேண்டியது உண்டு. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது இருந்தால்தான் கப்பல் புறப்படலாம் என்பது விதி. பெண்கள் போதாமல், சென்னையில் ஆட்களைத் தங்கவைத்த டிப்போவிலேயே முன்பின் அறியாதவர்களைக் கணவன் மனைவி என்று பதிந்துகொண்டது பரவலாக நடந்திருக்கிறது. தனியாக வந்த பெண்ணுக்கு அது ஒரு பாதுகாப்பு, ஏஜென்டுக்கு எண்ணிக்கை நிறைந்தது. அவர்களில் சிலர் கரையிறங்கியதும் பிரிந்தார்கள், பலர் கடைசி வரையில் சேர்ந்து வாழ்ந்து பிள்ளை பெற்றார்கள். ஆக, மனைவி என்று எழுதியிருப்பது கப்பலேறும்போதைய நிலையை மட்டுமே காட்டுகிறது. கணவனைக் கைவிட்டோ, விதவையாகியோ, பஞ்சத்தில் எல்லோரையும் இழந்தோ டிப்போ வாசலுக்கு வந்து சேர்ந்த அந்த இருபது வயதுப் பெண்ணுக்கும் எங்கோ ஒரு தாலுகாவில் ஒரு குடும்பக் கதை இருந்திருக்கும். அதில் அவளுக்கு என்ன ஆனது என்று சொல்லியிருப்பார்களோ, அல்லது அவளை அப்படியே விட்டுவிட்டிருப்பார்களோ. எங்கள் நோட்டில் நான் அவள் பெயரை எழுதியிருக்கிறேன். அத்தைப் பாட்டிக்கு இது தெரியும், ஒன்றும் சொல்லவில்லை. படிக்கத் தெரியாததால் எந்த இடத்தில் எழுதியிருக்கிறேன் என்று விரலால் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இந்தப் பட்டியல்களைப் பற்றி இன்னொன்றும் மனதில் பட்டது. எங்களுக்கு அடமானம் வைக்க நிலமாவது இருந்தது. அதனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சுவடு இருக்கிறது. அதே கப்பலில், அதே தாலுகாவிலிருந்து போனவர்களில், நிலமே வைத்திருக்க விடப்படாத பறையர் சமூகத்தவர்கள் பலர் இருக்கிறார்கள். ஊரில் இருந்தவரை அவர்களைத் தகப்பன் பெயர் சொல்லி எழுதிய பதிவேடு கிடைப்பது அரிது. ஊரை விட்டுப் போன அன்றுதான் பெயர், தகப்பன், கிராமம் மூன்றும் ஒரே வரியில் ஏறியிருக்கின்றன. அவர்கள் வழிவந்தவர்களுக்கு டர்பனில் இருக்கும் அந்த வரிதான் கிடைக்கக்கூடிய மிகப் பழைய ஆவணமாக இருக்கும், ஊரிலேயே தங்கிவிட்ட அவர்களுடைய தம்பிமாருக்கு அதுவும் இல்லை. கிறித்தவத் தேவாலயங்களில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் மட்டும் இதற்கு விலக்கு. குடும்ப வரலாறு தேடுகிறேன் என்று கிளம்பி, இரண்டாவது பத்திரம் கிடைப்பதற்குள் ஆண்ட பரம்பரைக்குப் போய்ச் சேர்ந்துவிடுபவர்கள் நம்மிடையே நிறையப் பேர். செப்பேட்டையும் மெய்க்கீர்த்தியையும் எடுத்துக்கொண்டு வருபவர்களிடம் உங்கள் தாத்தாவின் தங்கை எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டார் என்று கேட்டுப் பாருங்கள், தெரியாது.

எச்சிலைக் குழாயில் அனுப்பிச் செய்யும் மரபணுச் சோதனையைப் பற்றிக் கேட்கிறார்கள். கடல் கடந்தவர்களின் வழியினர் யாராவது அதே நிறுவனத்தில் பதிந்திருந்தால், தூரத்துச் சொந்தம் என்று காட்டக்கூடும். அத்தை மகள், மாமன் மகள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்ட நமக்கு, எத்தனையாவது தலைமுறைச் சொந்தம் என்பதை அது இன்னும் நெருக்கமாகவே காட்டிவிடும். நான் செய்துகொள்ளவில்லை.

எனக்கு வேண்டியது அதைவிட எளிய ஒன்று. தென்னாப்பிரிக்காவில், சொத்து ஏதாவது விட்டுவிட்டு இறந்தவர்களுக்கு இறப்பு அறிவிப்பு என்று ஒரு படிவம் நிரப்புவார்கள். அதில் இறந்தவரின் தாய் தகப்பன் பெயரும், பிள்ளைகளின் பெயரும் கேட்கப்பட்டிருக்கும். நேட்டாலுக்கு உரிய பழைய கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கப்பல் பட்டியலில் தாயின் பெயர் கிடையாது, எங்கள் பத்திரங்களிலும் அந்தத் தாயின் பெயர் எங்கேயும் இல்லை. அது இருப்பது ஒரே இடத்தில்தான்: ராகு சிம்மத்தில் இருந்தபோது பிறந்த அந்தத் தங்கையின் வீட்டில். அவள் தன் தலைச்சன் பேத்திக்குத் தன் தாயின் பெயரை வைக்கச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பேத்தி இன்றைக்கும் இருக்கிறார், வேறு யாரும் வைத்துக்கொள்ளாத அபூர்வமான பெயர். டர்பனில் தேடித் தருவதாகச் சொல்லியிருப்பவரிடம் முனுசாமியின் எண்ணையும் இந்தப் பெயரையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். படிவத்தில் தாய் என்ற இடத்தில் அந்தப் பெயர் இருந்தால் அவர் எங்கள் முனுசாமி. இல்லையென்றால், அத்தைப் பாட்டி சொன்னதுபோல, வேறொருவர்.